பின் சீட்டில் ஏறிய புகை

அஸ்கர் பாயின் ஒர்க் ஷாப்பில் கோணிச்சாக்கை விரித்து அதன்மேல் மல்லாந்து படுத்திருந்தேன். முந்தானையை இழுத்து இடுப்பில் சொருகியிருந்தேன். கையில் போன் டார்ச். மூக்குக்கு ஒரு சாண் தள்ளி என் காரின் சைலன்சர் குழாய் வெள்ளிப் பெயின்ட்டில் பளபளவென்று மின்னியது. பெயின்ட் காயக்கூட இல்லை. விரலை வைத்தால் ஒட்டிக்கொண்டு வந்தது.

"வேலை முடிஞ்சிடுச்சுக்கா. எழுந்திருங்க. ரோட்ல போறவங்க பார்த்தா என்னைத்தான் சிரிப்பாங்க" என்றார் பாய்.

"முடியல பாய்."

"இன்னா முடியல? ஸ்டார்ட் பண்ணிக் காட்டினேன் இல்ல? சவுண்டு வந்துச்சா?"

"சவுண்டு போச்சு. ஆனா நான் சவுண்டுக்காக வரல."

பாய் காலி ஆயில் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். வாணியம்பாடி பைபாஸ் ஓரத்தில் பல வருஷமாக வெல்டிங் பட்டறையும் மெக்கானிக் ஷாப்பும் சேர்த்து நடத்துகிறவர். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நெருப்புப் பொறி பட்ட தழும்புகள். ஒரு பொம்பளை தன் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்பது அவருக்குப் புதுசு.

எனக்கும் புதுசுதான். ஆனாலும் எழுந்திருக்கப் போவதில்லை என்று முடிவு பண்ணிவிட்டேன். ஏன் என்று சொல்ல வேண்டுமானால், முதலில் என் பிழைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ரிஜக்ட் மல்லிகா

இந்தத் தொடரை விடாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும். புதிதாகப் படிக்கிறவர்களுக்காக மறுபடியும் சொல்கிறேன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோல் செக்கிங் மேஜையில் நிற்கிறவள் நான். தோல் பதனிடும் டேனரியிலிருந்து வரும் தோலை விரித்து, தடவி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, இது முதல் தரம், இது இரண்டாம் தரம், இது மூன்றாம் தரம், இது ஆகாது என்று பிரித்துப் போடுவது வேலை. ஆகாது என்று அதிகமாகப் போடுகிறேன் என்பதால் எனக்கு ரிஜக்ட் மல்லிகா என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. கேன்டீனில் முதுகுக்குப் பின்னால் கேட்கும்.

எங்கள் மேஜையில் ஒரு பழக்கம் உண்டு. எந்தத் தோல் ரொம்பப் பளபளக்கிறதோ அதைத்தான் முதலில் திருப்பிப் போடுவோம். நல்ல தோலுக்கு அவ்வளவு பூச்சு வேண்டியதில்லை. உண்ணி கடித்த தடம், உரிக்கும்போது கத்தி பட்ட இடம், முள் கீறல், எல்லாவற்றையும் கலர் பூசி மறைத்துவிடலாம். மேல்பக்கத்தில் மறைத்தது சதைப்பக்கத்தில் தெரிந்துவிடும். அதனால் கை தானாகத் திருப்பும்.

இந்தக் கை வீட்டிலும் சும்மா இருக்காது. கடையில் புடவை எடுத்தால் உள்பக்கம்தான் முதலில் பார்ப்பேன். என் வீட்டுக்காரர் என்னைப் பெண் பார்க்க வந்தபோது எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பின்வாசல் வழியாகச் சுற்றி வந்து, அவர் வாசலில் கழற்றிவிட்டிருந்த செருப்பைத் திருப்பிப் பார்த்தேன். குதிகால் இரண்டும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தன. ஒழுங்காக நடக்கிற ஆள் என்று சம்மதம் சொன்னேன். இன்றுவரை அந்த செலக்‌ஷனில் எனக்குப் புகார் இல்லை. அவருக்கு இருக்கலாம்.

தோல் விரித்த கார்

அந்த வெள்ளைக் கார் என்னிடம் வரும்போதே பழசு. வாணியம்பாடியில் தோல் மண்டி வைத்திருந்த ஒரு வியாபாரி விற்றார். வீட்டுக்காரருக்கு ஸ்டியரிங்கைப் பார்த்தாலே வேர்க்கும். நான்தான் நாற்பது வயதுக்கு மேல் ஓட்டக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொடுத்தவர் என் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை சாமியைக் கும்பிட்டார் என்பது தனிக் கதை.

அந்தக் காரில் என்னை மயக்கியது ஒன்றே ஒன்று. பின் சீட்டுக்கு அடியிலும் டிக்கியிலும் ரப்பர் மேட்டுக்குப் பதிலாக ஆட்டுத் தோலை அளவெடுத்து ஒட்டியிருந்தார் அந்த வியாபாரி. தேன் நிறம். ஓரமெல்லாம் மடித்து அழகாகத் தைத்த வேலை. குனிந்து தடவிப் பார்த்தேன். ஒரு உண்ணித் தடம் கிடையாது. முதல் தரத்தை மிதிக்க விட்டிருக்கிறாரே, எவ்வளவு ரசனையான மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். இன்ஜினைக்கூட அவ்வளவு கவனமாகப் பார்க்கவில்லை.

அந்தக் காரில்தான் தினமும் வாணியம்பாடியிலிருந்து ஆம்பூருக்கு வேலைக்குப் போய்வந்தேன். கொஞ்ச காலம் கழித்து ஷகிலாவும் கூட வரத் தொடங்கினாள்.

கண்ணாடியை ஏத்து

ஷகிலா எங்கள் கம்பெனியில் சாம்பிள் தைக்கிற செக்‌ஷனில் இருந்தாள். புது டிசைன் வந்தால் முதல் ஜோடியை அவள் கையில்தான் கொடுப்பார்கள். என் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. அவள் வீட்டுக்காரர் சென்னையில் வேலை, மாதம் ஒருமுறை வருவார். வீட்டில் அவளும் மாமியார் ஜமீலாம்மாவும்தான்.

இரண்டு முறை உண்டாகி இரண்டு முறையும் கலைந்துபோனது அவளுக்கு. மூன்றாவது தடவை நாள் தள்ளியபோது அந்த வீட்டில் யாரும் சத்தமாகக்கூடப் பேசவில்லை. கம்பெனி வேனில் நெருக்கியடித்துக்கொண்டு போவது கூடவே கூடாது என்று ஜமீலாம்மா சொல்லிவிட்டார். ஒருநாள் மாலை அவரே என் வீட்டுக்கு வந்தார்.

"மல்லிகா, உன் கார்ல கூட்டிட்டுப் போறியா? வேலைய வுட மாட்டேங்குறா. நீ மெதுவா ஓட்டுவேன்னு சொன்னாங்க."

நான் மெதுவாக ஓட்டுகிறேன் என்று எங்கள் தெருவில் கேலியாகச் சொல்வார்கள். அதை ஒருவர் நல்ல குணமாக எடுத்துக்கொண்டது அன்றுதான். மறுநாளிலிருந்து ஷகிலா பின் சீட்டில், ஜன்னலோரம். முன்னால் சீட் பெல்ட் வயிற்றில் அழுத்துகிறது என்றாள்.

எங்கள் பக்கத்துச் சாலையை அறிந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு இடம் வரும்போது காற்றே மாறும். சுண்ணாம்பு, ஊறின தோல், கழிவுத் தண்ணீர் எல்லாம் கலந்த டேனரி வாடை. அந்த இடம் வந்தால் "கண்ணாடியை ஏத்து" என்று யாராவது ஒருவர் சொல்வோம். காரில் ஏசி என்றைக்கோ செத்துப்போனது. வேர்த்து வழிந்தாலும் பரவாயில்லை என்று கைப்பிடியைச் சுற்றிக் கண்ணாடியை ஏற்றிவிடுவோம். பழகிப்போன விஷயம்.

அந்த வருஷம் கோடையில் வாடை ஜாஸ்தியாக இருந்தது போலத் தோன்றியது. கண்ணாடியை ஏற்றினாலும் உள்ளே ஏதோ வந்தது. அதனால் இன்னும் சீக்கிரமே ஏற்ற ஆரம்பித்தோம். எனக்கு அடிக்கடி தலைவலி. மூக்குக் கண்ணாடியை மாற்ற வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஷகிலாவுக்குக் குமட்டல். அந்த நிலையில் குமட்டாமல் என்ன செய்யும் என்று எல்லாரும் சொன்னோம். கார் கொஞ்சம் உறுமியது. வயசான கார், உறுமத்தானே செய்யும்?

தோலூரில் பிறந்து வளர்ந்தால் இப்படித்தான். எந்த நாற்றம் வந்தாலும் டேனரி தலையில் கட்டிவிட்டு ஜன்னலைச் சாத்துவோம்.

ஷாப் எல்லாம் மூடியிருந்த நாள்

ரம்ஜான் பெருநாளுக்கு மறுநாள். கம்பெனியும் லீவு, நாங்கள் ஷாப் என்று சொல்லும் டேனரிகளும் லீவு. ஷகிலாவை வேலூரில் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று மூவரும் கிளம்பினோம். ஜமீலாம்மாவும் மருமகளோடு பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். மடியில் டப்பா நிறைய சேமியா. டாக்டருக்காம்.

அந்த இடம் வந்தது. வழக்கப்படி கண்ணாடியை ஏற்றினோம். வழக்கப்படி வாடை வந்தது. ஷகிலா வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஜமீலாம்மா மட்டும் மூக்கைச் சுருக்கிக்கொண்டு வெளியே பார்த்தார்.

"ஷாப் எல்லாம் பந்த். நேத்துலருந்து தோல் ஊற வெக்கிற ஒரு டிரம்மும் சுத்தல. எங்கருந்து வருது நாத்தம்?"

நான் வேகத்தைக் குறைத்தேன்.

"இது தோல் நாத்தம் இல்ல மல்லிகா. எங்க வீட்டுக்காரர் காலமெல்லாம் சுண்ணாம்புத் தொட்டில நின்னவரு. அவர் சட்டைய நான் தோச்சிருக்கேன். அந்த நாத்தம் எனக்குத் தெரியாதா? இது வேற. வண்டிய நிறுத்து."

ஓரங்கட்டி நிறுத்தினேன். எல்லாக் கதவையும் திறந்தோம். இன்ஜினை அணைக்காமல் இறங்கிக் குனிந்து பார்த்தேன். புகை பின்னால் குழாய் வாயிலிருந்து வரவில்லை. வண்டியின் நடுவிலிருந்து, பின் சீட்டுக்கு நேர் கீழே இருந்து வந்தது. இத்தனை வாரமாக ஷகிலா உட்கார்ந்த இடம்.

அவள் சுவாசித்ததைத்தானே அந்தப் பிள்ளையும் சுவாசித்திருக்கும்? அதிலும் நாங்களே ஜன்னலைச் சாத்திப் புகையை உள்ளே பூட்டி வைத்திருக்கிறோம்.

காரை அங்கேயே விட்டுவிட்டு டாக்ஸி பிடித்துப் போனோம். டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டு, ஸ்கேன் எடுத்து, துடிப்பை எங்களுக்கும் கேட்க வைத்தார். நன்றாக இருக்கிறது என்றார். ஆனால் அந்த வண்டியில் இனி ஏறக்கூடாது என்றார். சேமியாவைக் கையில் வாங்கிக்கொண்டே கண்டிப்பாகச் சொன்னார்.

திரும்பும்போது ஜமீலாம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "போதும். காரும் வேணாம், வேலையும் வேணாம். புள்ள பொறக்குற வரைக்கும் வீட்டுல இரு."

வாசலில் இறங்கியபோது ஷகிலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலாம்.

"ரெண்டு தடவையும் வீட்ல தான்கா இருந்தேன். படுத்துக்கினு சீலிங்கையே பார்த்துட்டு இருந்தேன். ஒவ்வொரு சின்ன வலிக்கும் செத்துச் செத்துப் பொழைச்சேன். மிஷின்ல உக்காந்தா தையல் மட்டும்தான் ஞாபகம் இருக்குது. என்னை வீட்ல போடாதீங்க."

நான் ஜமீலாம்மாவிடம் திரும்பி, "வண்டியைச் சரி பண்ணிக் கொண்டு வர்றேன். நீங்களே பார்த்துட்டு அப்புறம் சொல்லுங்க" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நானே பார்ப்பேன்" என்றார்.

மூன்றாம் தரம்

பெரிய ஒர்க் ஷாப்பில் காட்டினேன். முழுக் குழாயையும் மாற்ற வேண்டும், இந்த மாடலுக்குச் சாமான் வர நாளாகும் என்றார்கள். சொன்ன விலை கையைக் கடித்தது. "இதுக்குப் பேசாம வேற வண்டி வாங்கிடுங்க மேடம்" என்று யோசனை வேறு. வீட்டுக்காரர் பஸ்ஸில் போகலாமே என்றார். நான் முறைத்த முறைப்பில் டீ போடப் போய்விட்டார்.

அப்புறம்தான் அஸ்கர் பாய். வண்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

"பூரா அழுகலக்கா. நடுவுல மட்டும் போய்ட்டுது. அந்தத் துண்ட வெட்டிட்டு வேற பைப்பு வெச்சு வெல்டு அடிச்சுடலாம். கம்மி செலவு. ஆனா ஒண்ணு, இது புதுசு மாதிரின்னு நான் பொய் சொல்ல மாட்டேன். ரெண்டு மழைக்காலம் தாங்கும். அப்புறம் வேற இடம் விட்டுக்கும்."

மலிவான வேலை என்றால் முகம் சுளிக்கிறவள் இல்லை நான். மூன்றாம் தரத் தோலைக் குப்பையிலா போடுகிறோம்? ஷூவுக்கு உள்ளே லைனிங்காகப் போகும், கண்ணுக்குத் தெரியாமல் உழைக்கும். கறை இருக்கலாம், தழும்பு இருக்கலாம், நிறம் மங்கியிருக்கலாம். ஆனால் ஓட்டை இருந்தால் அது எந்தத் தரத்திலும் சேராது. இந்தச் சைலன்சருக்கும் அதே கணக்குத்தான் என்று மனசுக்குள் வைத்துக்கொண்டேன். அழகு வேண்டாம். நீண்ட ஆயுசும் வேண்டாம். புகை பின்வாய் வழியாக மட்டும் போக வேண்டும்.

வேலை முடிந்தது என்று போன் வந்து போனால், குழாய் முழுக்க வெள்ளிப் பெயின்ட். பளபளப்பைப் பார்த்ததும் என் கை திருப்பிப் பார்க்கத் துடித்தது. காரைத் திருப்பிப் போட முடியாது. அதனால் நான் சாக்கை விரித்துக்கொண்டு கீழே போனேன்.

பாய்லருக்கு மட்டும்தானா?

ஸ்குரூ டிரைவர் பிடியால் குழாயைத் தட்டிக்கொண்டே போனேன். நல்ல இடத்தில் கணீர் என்றது. பழைய குழாயும் புதுக் குழாயும் சேரும் இடத்துக்குப் பக்கத்திலும் கணீர்தான். அழுகினதை மிச்சம் வைக்காமல் வெட்டியிருக்கிறார். மனசுக்குள் ஒரு மார்க் போட்டேன். குழாயைத் தாங்கித் தொங்கும் ரப்பர்களை ஆட்டிப் பார்த்தேன். ஒன்று வெடித்திருந்தது.

"இதை மாத்தணும் பாய். குழாய் ஆடி ஆடி வெல்டு விட்டுடும்."

"சரிக்கா, மாத்திடறேன். எழுந்திருங்க."

"மேல்பக்கம் எப்படி அடிச்சீங்க? வண்டித் தரைக்கும் குழாய்க்கும் நடுவுல கையே போகலையே?"

பாய் தலையைச் சொறிந்தார். போனில் வீடியோவை ஓட விட்டு, அந்தச் சந்தில் குழாய்க்கு மேலே நீட்டி மெதுவாக இழுத்தேன். வெளியே எடுத்துப் பார்த்தால் அங்கேயும் வெள்ளிப் பெயின்ட். பெயின்ட்டுக்கு அடியில் என்ன என்று போனுக்கும் தெரியவில்லை.

"சோப்புத் தண்ணி கொண்டாங்க பாய். குழாய் வாய அடைச்சுப் பார்க்கலாம்."

"இன்னாக்கா பேஜார் பண்றீங்க? இந்த ஏரியால எத்தனை டேனரி பாய்லருக்கு நான் வெல்டு அடிச்சிருக்கேன்னு கேட்டுப் பாருங்க. யாரும் என்னை இப்படிக் கேட்டதில்ல."

"பாய்லருக்கு வெல்டு அடிச்சுட்டு அப்படியே விட்டுடுவீங்களா?"

"அது எப்படி? தண்ணி ஏத்தி, பிரஷர் வெச்சு டெஸ்ட் பண்ணித்தான் கொடுப்போம். வெடிச்சா ஆளு செத்துப்போவான்."

"பாய், இந்த வண்டில பின் சீட்ல மாசமா இருக்கிற பொண்ணு உக்காரப் போறா. ரெண்டு புள்ளைய இழந்தவ."

சாக்கில் படுத்தபடியே ஷகிலாவின் கதையைச் சொன்னேன். முடித்ததும் பாய் எழுந்து உள்ளே போனார். சலவை சோப்பைக் கரைத்துப் பக்கெட்டில் எடுத்துக்கொண்டு, பெயின்ட் பிரஷ்ஷும் ஈரச் சாக்குத் துணியுமாக வந்தார். "மொதல்லயே சொல்றதுக்கு இன்னா" என்றார்.

நான் ஸ்டார்ட் பண்ணினேன். அவர் காலால் துணியைக் குழாய் வாயில் அழுத்திக்கொண்டே, படுத்து எட்டி பிரஷ்ஷால் சோப்புத் தண்ணியை அடித்தார். கீழ்ப்பக்கம் சும்மா இருந்தது. பக்கங்களும் சும்மா இருந்தன. மேல்பக்கத்தில் பிரஷ்ஷை நுழைத்ததும் புஸ்ஸென்று சத்தம் வந்து, நுரை பொங்கி இரண்டு பக்கமும் வழிந்தது.

பாய் நாக்கைக் கடித்துக்கொண்டார். "அணைங்கக்கா" என்றார்.

குழாயைக் கழற்றிக் கீழே இறக்கினார். முதல் தடவை கழற்றச் சோம்பல்பட்டு வண்டியிலேயே வைத்து அடித்திருக்கிறார். பெயின்ட்டைச் சுரண்டி, சுற்றிலும் மறுபடி வெல்டு அடித்து மாட்டினார். மறுபடி சோப்புத் தண்ணி. இந்த முறை ஒரு குமிழிகூட இல்லை. இன்ஜின் மூச்சுத் திணறி நின்றே போனது. ஓட்டை இல்லாத குழாயை அடைத்தால் அப்படித்தான் நிற்கும் என்று பாய் பெருமையாகச் சொன்னார்.

நான் பெயின்ட் அடிக்க விடவில்லை.

ஒட்டின தோல்

"ஓகேவா?" என்றார் பாய்.

"இருங்க." பின் கதவைத் திறந்து ஷகிலா உட்காரும் இடத்தில் உட்கார்ந்தேன். கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு, பாயை முன்னால் உட்கார்ந்து இன்ஜினை ஓட விடச் சொன்னேன்.

கொஞ்ச நேரம்தான். அதே வாடை. லேசாக, ஆனால் அதேதான்.

"எனக்கு ஒண்ணும் வரலக்கா" என்றார். அந்த மூக்கு வெல்டிங் புகையில் என்றோ அவிந்துபோன மூக்கு. "மனசுதான் காரணம். பயந்துட்டீங்க, அதான்."

கதவைத் திறந்து இறங்கிவிட்டேன். ஒருவேளை மனசுதானோ என்று எனக்கும் ஒரு நொடி தோன்றியது. சைலன்சரில் ஓட்டை இல்லை, அதை என் கண்ணாலேயே பார்த்தேன். பின்னே எங்கிருந்து வருகிறது? காரின் பின்னால் போய் நின்றேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. குழாயின் வாய் பம்பரைத் தாண்டி வெளியே வரவில்லை. வெட்டி ஒட்டினதில் நீளம் குறைந்து, பம்பருக்கு அடியிலேயே முடிந்திருந்தது. புகை வெளியே போகாமல் டிக்கிக்குக் கீழேயே சுற்றிக்கொண்டிருந்தது.

"சரி, பைப்பு நீளம் கம்மி. ஒத்துக்கறேன்" என்றார் பாய். "ஆனா கீழ இருக்கிற புகை வண்டித் தரையைத் தாண்டி எப்படிக்கா உள்ள வரும்?"

நான் டிக்கியைத் திறந்தேன். தேன் நிறத் தோல் என்னைப் பார்த்துச் சிரித்தது.

பையில் எப்போதும் தோல் ஓரம் சீவுகிற ஒரு ட்ரிம்மிங் கத்தி வைத்திருப்பேன். அந்தத் தோலைக் கிழிக்க மனசே வரவில்லை. அவ்வளவு நல்ல தோல். பல்லைக் கடித்துக்கொண்டு ஓரத்தில் கத்தியை விட்டு இழுத்தேன். பசை விட்டுப் படபடவென்று கிளம்பியது. அடியில் தகடு கருவாடு மாதிரி செதில் செதிலாக உரிந்தது. அங்கங்கே வெள்ளையாகப் பூத்திருந்தது. நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. அதன் வழியாக ஒர்க் ஷாப்பின் சிமென்ட் தரை தெரிந்தது. பின் சீட்டுக்கு அடியிலும் இழுத்துப் பார்த்தேன். அங்கேயும் சின்னதாக இரண்டு.

வெள்ளையைத் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

எல்லாம் விளங்கிவிட்டது. தோல் மண்டிக்காரர் இந்த டிக்கியில் உப்பு போட்ட பச்சைத் தோலை ஏற்றி இறக்கியிருக்கிறார். உப்புத் தண்ணி ஒழுகி ஒழுகித் தகட்டைத் தின்று, கீழே சைலன்சரையும் தின்றிருக்கிறது. விற்கும்போது அதன்மேல் முதல் தரத் தோலை ஒட்டிவிட்டார். வாங்க வருகிறவள் செக்கிங்காரி என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

பாய் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். முதலில் அடக்கிக்கொண்டு, அப்புறம் அடக்காமல். "ரிஜக்ட் அக்காவுக்கே தோலைக் காட்டி மால் தள்ளிட்டான்."

என் பட்டப்பெயர் பைபாஸ் வரைக்கும் வந்திருப்பது அன்றுதான் தெரிந்தது. அந்த வியாபாரியை நான் திட்டிய வார்த்தைகளை இந்தப் பத்திரிகையில் போட மாட்டார்கள்.

அன்று சாயந்திரம் வரை நான் அங்கிருந்து நகரவில்லை. துருவை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து, சுற்றிலும் காற்றுப் போகாமல் அடைத்தார் பாய். குழாய் வாயைப் பம்பருக்கு வெளியே நீட்டினார். டிக்கிக் கதவின் ரப்பரும் காய்ந்து சுருங்கியிருந்தது. அதையும் மாற்றினார். தோலை மறுபடி ஒட்டட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம், தகடு தெரியட்டும் என்றேன்.

மறுநாள் காலை பாயை ஓட்டச் சொல்லி, பின் சீட்டில் நான் உட்கார்ந்துகொண்டு ஆலங்காயம் சாலையில் போனோம். அந்தப் பக்கம் டேனரி கிடையாது. எது வந்தாலும் என் காரிலிருந்துதான் வந்தாக வேண்டும். கண்ணாடியெல்லாம் ஏற்றி, வேர்வையில் ரவிக்கை நனைய, காடு தெரியும் ஏற்றம் வரை போய்த் திரும்பினோம். மோந்து மோந்து பார்த்தேன். புது ரப்பர் வாடை மட்டும்தான். தலை வலிக்கவில்லை.

"இப்ப சொல்லுங்க, பாஸா பெயிலா?" என்றார் பாய், கண்ணாடியில் என்னைப் பார்த்து.

"மூன்றாம் தரம். பாஸ்" என்றேன். அவருக்கு அது போதவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. என் மேஜையில் அது நல்ல வார்த்தை என்று அப்புறம் விளக்கிச் சொன்னேன்.

ஜமீலாம்மாவின் மூக்கு

அடுத்த நாள் காலையில் ஷிப்டுக்கு வெகு முன்பாகவே ஷகிலா வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். ஜமீலாம்மா ஏற்கெனவே பர்தா போட்டுத் தயாராக நின்றிருந்தார். பின்னால் கதவு நிலையில் சாய்ந்து ஷகிலா.

"மொதல்ல நான்" என்றார் ஜமீலாம்மா.

பின் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். தகட்டைக் குனிந்து பார்த்தார், செருப்புக் காலால் தட்டினார். "கண்ணாடியை ஏத்து" என்றார். ஏற்றினேன்.

வாணியம்பாடியைத் தாண்டினோம். சரக்கு வாங்க எத்தனையோ பையர்கள் வந்து என் மேஜைக்கு எதிரில் நின்று நான் பாஸ் பண்ணின தோலை மறுபடி புரட்டியிருக்கிறார்கள். ஒருத்தருக்கும் நான் பயந்ததில்லை. அன்று பின்னால் அவர் மூச்சை இழுக்கிற ஒவ்வொரு சத்தத்துக்கும் என் முதுகு விறைத்தது. இவர் தலையை ஆட்டிவிட்டால் ஷகிலா மறுபடி அந்தக் கட்டிலுக்கும் சீலிங்குக்கும் போவாள். மேல்முறையீடு கிடையாது.

அந்த இடம் வந்தது. லீவு முடிந்து டேனரிகள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. காருக்குள் ஒன்றும் இல்லை. எனக்கு ஒன்றும் வரவில்லை. ஆனால் என் மூக்கு எனக்குச் சாதகமாகப் பேசுகிறதோ என்ற சந்தேகம் விடவில்லை.

பின்னால் கைப்பிடி சுற்றும் சத்தம் கேட்டது. ஜமீலாம்மா கண்ணாடியை இறக்கிக்கொண்டிருந்தார். பாதி இறக்கியதும் வாடை குப்பென்று உள்ளே அடித்தது. சுண்ணாம்பு, ஊறின தோல், கழிவுத் தண்ணீர். அவர் முகத்தை ஜன்னலுக்குக் கொடுத்து, கண்ணை மூடி, ஆழமாக மூச்சை இழுத்தார். வேறு யாராவது பார்த்தால் வெளியே மல்லிகைப்பூ வியாபாரி போகிறார் என்று நினைத்திருப்பார்கள்.

"இது வெளிய இருந்து வருது" என்றார். "இது எங்க வீட்டுக்காரர் சட்டை நாத்தம்."

கண்ணாடியை மறுபடி ஏற்றினார். கொஞ்ச நேரம் உள்ளே மோந்தார். மறுபடி இறக்கினார். பிறகு முன்னால் குனிந்து என் தோளைத் தட்டினார்.

"வண்டியைத் திருப்பு மல்லிகா."

பிரேக்கில் கால் வைத்தேன். ஆம்பூருக்கு இன்னும் பாதித் தூரம்கூட வரவில்லை. அதற்குள் திருப்பச் சொல்கிறார் என்றால் என்ன அர்த்தம்? "ஏம்மா? எதாவது வருதா? நிஜமா சொல்லுங்க, இன்னும் ஒரு தடவை பாய்கிட்ட கொண்டு போறேன். வேணும்னா தகட்டை மறுபடி எடுத்து..."

"இன்னா உளர்ற? சீக்கிரம் திருப்பு" என்றார் ஜமீலாம்மா. "டிபன் கட்டி வெச்சுட்டு அவ வாசல்லயே நிக்கிறா. ஷிப்டுக்கு நேரமாச்சு இல்ல?"